ஆறு மேகசின், ஒரு கொக்கி

"நின்னுபோச்சு, கினுயோ சான். மறுபடியும் நின்னுபோச்சு."

யாஜிமா துப்பாக்கியை மேசைமேல் வைத்தார் என்பதைவிட இறக்கிப்போட்டார் என்பதுதான் சரி. முழங்கால் வரைக்கும் சேறு. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்ததில் கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம். காலை ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"எத்தனாவது மேகசின்ல?" என்று கேட்டாள் கினுயோ.

"முதல்லயே. உள்ள அடைச்ச பிளாஸ்டிக் மணியில பத்துப் பன்னெண்டுதான் போச்சு. அப்புறம் விர்ருன்னு மோட்டார் மட்டும் சுத்துது. எதிர்ல ஒருத்தன் மரத்துக்குப் பின்னால பாதி உடம்பை வெளியில காட்டிக்கிட்டு நிக்கிறான். நான் அமுக்குறேன், அமுக்குறேன், ஒண்ணுமே வரல."

"ஏன் வரல? வாயாலயே டப்பு டப்புன்னு சுட்டீங்களே," என்றாள் பின்னாலேயே வந்த அவர் மனைவி சிஸுரு. "அவன் சிரிச்ச சிரிப்புல அவனுக்கே குறி தப்பிடுச்சு. இல்லன்னா நீங்க இன்னும் முன்னாடியே செத்திருப்பீங்க."

"நீ சும்மா இரேன்!"

"நான் சும்மாதான் இருக்கேன். உங்க துப்பாக்கிதான் என்னைவிடச் சும்மா இருக்கு."

கினுயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதப் போட்டியில், கடைசி ஆட்டத்தில், தொட்டால் ஜெயித்துவிடலாம் என்ற கொடிக்குப் பத்தடி தூரத்தில் யாஜிமா தன்னந்தனியாக நின்ற நேரத்தில், இதே துப்பாக்கி இதே மாதிரி ஊமையாகிவிட்டது. அவருடைய முஜினா அணி தோற்றது. அதற்கு முந்தின வாரம்தான் கினுயோ அதைப் பழுது பார்த்து, "ஆறு மேகசினும் ஓடும், என்னை நம்புங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

இன்று காலையில் மைதானத்துக்காரர் தொகாஷி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க கினுயோ சான். அந்தத் துப்பாக்கி இன்னைக்கும் நின்னுதுன்னா, அடுத்த மாசத்துலேருந்து பழுது மேசையைக் குவாபாராவுக்குக் கொடுத்துடறேன். கடைக்காரர்னா ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வருது, பாருங்க."

அந்த மேசை என்ன பெரிய சிம்மாசனமா? சிபா பக்கத்துத் தேவதாருக் காட்டின் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ், மடக்குக் கால் வைத்த ஒரு பலகை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு பேர் பச்சையும் பழுப்புமாக உடுத்திக்கொண்டு இங்கே வருவார்கள். ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணியைச் சுடும் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவார்கள். மதியம் தொகாஷி கையால் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, மறுபடி காட்டுக்குள் போவார்கள். யாருடைய துப்பாக்கியாவது முரண்டு பிடித்தால் கினுயோவின் மேசைக்கு வரும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த மேசைக்கு முன்னால் ஒரு அட்டை தொங்கியது. அதில் "ஷியோதா கினுயோ" என்று அவள் பெயர் எழுதியிருந்தது. வார நாட்களில் அவள் ஒரு பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். முப்பத்தோரு வருஷம். அவள் செய்த பல்லால் எத்தனையோ வாய்கள் மென்றுகொண்டிருந்தன. ஒரு வாய்க்கும் அவள் பெயர் தெரியாது. பல் நன்றாக அமைந்தால் பல் டாக்டர் கெட்டிக்காரர், அமையாவிட்டால்தான் "கூடத்துல எவன் செஞ்சான்?" என்ற கேள்வி வரும். ஐம்பத்தாறு வயதில் அவள் கைவேலைமேல் அவள் பெயர் இருந்த ஒரே இடம் அந்த அட்டைதான். அதைத்தான் இன்றைக்குக் கழற்றப் பார்த்தார்கள்.

"வாங்க, சுட்டுப் பாத்துடலாம்," என்று எழுந்தாள்.

மேசை இருந்த ஓய்விடத்தில் மேகசினைத் துப்பாக்கிக்குள் செருகவே கூடாது. கண்ணாடி கழற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே ஒரு மணி தப்பிப் பறந்தால் கண் போய்விடும். அதனால் எதைச் சோதிக்க வேண்டுமானாலும், கண்ணாடி மாட்டிக்கொண்டு, வலைக்கு அந்தப் பக்கம் தகரத் தட்டுகள் தொங்கும் இடத்துக்கு நாற்பதடி நடக்க வேண்டும். தொகாஷி கறிக் கரண்டியோடு வந்து நின்றார். குவாபாராவும் வந்தான். நகரத்துக் கடையிலிருந்து புதுத் துப்பாக்கிகளைக் காட்சிக்குக் கொண்டுவந்திருந்தவன். சேற்றிலும் பளபளக்கும் பூட்ஸ்.

கினுயோ முதல் மேகசினைச் செருகினாள். இடது கையை அதன் அடியில் கொடுத்து, வலது கையால் விசையை அமுக்கினாள். தட்தட்தட்தட்டென்று தகரம் அதிர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரைக்கும் ஒரு மணிகூடத் தங்கவில்லை.

"ஓடுதே!"

"உங்க கையில நல்லா பேசும். என் கைக்கு வந்தா ஊமையாயிடும்," என்று யாஜிமா வாங்கிச் சுட்டார். தட்தட்தட், விர்ர்ர்ர். வெறும் மோட்டார்.

"கொடுங்க இப்படி," என்று தொகாஷி கரண்டியைச் சிஸுருவிடம் கொடுத்துவிட்டுச் சுட்டார். ஓடியது. குவாபாரா கர்ச்சீப்பால் கையைத் துடைத்துக்கொண்டு சுட்டான். அதுவும் ஓடியது.

"மூணு பேர் கையில ஓடுது. ஒருத்தர் கையில ஓடல," என்றான் குவாபாரா, மிகவும் பணிவாக. "அப்ப குறை துப்பாக்கியில இல்ல, யாஜிமா சான். விசையைப் பாதி அமுக்கி விட்டுடறீங்களோ என்னமோ. புதுசா ஆடறவங்களுக்கு அது சகஜந்தான்."

"புதுசா? பதினாறு வருஷமா ஆடறேன்!"

"வயசானாலும் விரல் கொஞ்சம்..."

"எனக்கு நாப்பத்தி நாலு. பஸ் ஓட்டறேன். ஒரு நாளைக்கு நூத்தம்பது தடவை கதவைத் திறந்து மூடற விரல் இது!"

அவர் காது சிவந்துபோயிற்று. சிஸுரு கரண்டியைத் தொகாஷியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

தொகாஷிக்கு வம்பு பிடிக்காது; சட்டென்று முடித்து வைக்கத்தான் பிடிக்கும். "சரி, விடுங்க. கினுயோ சான் மேல குறை இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. மேசை அவங்களுக்கே. யாஜிமா, நீ விரலைக் கொஞ்சம் பாத்துக்கோ. கறி அடிப்பிடிக்குது, நான் போறேன்."

கினுயோவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் கண் யாஜிமாவின் இடது கையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சுடுங்க," என்றாள்.

"எதுக்கு? இன்னும் அவமானப்படவா?"

"எனக்காகச் சுடுங்க."

அவர் சுட்டார். மறுபடி விர்ரென்றது. அவள் கையைப் பார்த்தாள். யாஜிமாவின் துப்பாக்கியில் குழாய்க்கு அடியில், நன்றாக முன்னால் தள்ளி, ஒரு கைப்பிடி இருந்தது. அவர் இடது கை அதைத்தான் பிடித்திருந்தது. மேகசின் யார் தயவும் இல்லாமல் தன்பாட்டுக்குத் தொங்கியது. தொகாஷியும் குவாபாராவும் எங்கே பிடித்தார்கள்? அவள் எங்கே பிடித்தாள்? மூன்று பேரும் மேகசினுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, தெரியாமலே அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கினுயோ தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் அந்த ஆறு மேகசினையும் பிரித்துச் சுருள்வில்லைத் துடைத்தாள். வாயை மெருகேற்றினாள். முன்னும் பின்னும் ஆடாமல் முதுகில் மெல்லிய நாடா ஒட்டினாள். எல்லாம் செய்துவிட்டுச் சுட்டுப் பார்த்தாளே, அப்போதும் அவள் கை அடியில்தான் இருந்தது. ஓடியது துப்பாக்கியா, அவள் கையா?

யாருக்கும் தெரியவில்லை. குவாபாராவுக்கும் தெரியவில்லை. இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் அட்டை இருக்கும், பெயர் இருக்கும். சாயங்காலமாக யாஜிமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "கொடுங்க, இன்னொரு தடவை பாக்கறேன்" என்று சத்தமில்லாமல் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம். அவர் விரல்தான் மோசம் என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டுமே.

கினுயோ வலது கையை நெட்டுக்குத்தாகத் தூக்கினாள்.

"ஹிட்!"

அவள் போட்ட கூச்சலில் ஓய்விடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஆட்டத்தில் நடுவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சட்டைமேல் பிளாஸ்டிக் மணி பட்டால் யாருக்குத் தெரியும்? பட்டவரே கையைத் தூக்கி, "ஹிட்" என்று கத்திவிட்டு வெளியே வர வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் வர வேண்டும். பட்டும் படாத மாதிரி ஓடுபவனை நடைபிணம் என்பார்கள். அவன் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் கறிச்சோறு சாப்பிட மாட்டார்கள்.

பாதி தூரம் போன தொகாஷி ஓடிவந்தார். "என்ன, என்ன? யாரு சுட்டாங்க உங்களை?"

"நானேதான். தப்பு என்னோடது தொகாஷி சான். யாஜிமா சான் விரல்ல ஒண்ணும் இல்ல." துப்பாக்கியை வாங்கி மேகசினைச் செருகினாள். "பாருங்க. என் கை அடியில இருக்கு." தட்தட்தட். "இப்ப கையை எடுக்கறேன்." தட்தட், விர்ர்ர்ர். "உள்ள ஒரு சின்னக் கதவு இருக்கு. மேகசின் முழுசா மேல ஏறினாத்தான் அது திறக்கும். ஒரு மயிரிழை கீழ தொங்கினா மணி கதவுக்குப் பின்னாலயே நிக்கும். போன மாசம் நான் கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டே சோதிச்சுட்டு, ஓடுதுன்னு சொல்லிட்டேன்."

"அட," என்றார் தொகாஷி.

"பல்செட்டை விரலால அழுத்திப் பிடிச்சா எல்லாருக்கும் பொருந்தும். கொட்டாவி விடச் சொன்னாத்தானே தெரியும்! முப்பத்தோரு வருஷமா மத்தவங்களுக்குச் சொல்ற வார்த்தை. எனக்கு நானே சொல்லிக்க மறந்துட்டேன்." யாஜிமாவைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தாள். "கொடிக்குப் பத்தடியில உங்களை நான்தான் நிறுத்தினேன். மன்னிச்சுடுங்க."

யாஜிமா திணறிப்போனார். "ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க..."

"மன்னிச்சுடுங்க, மன்னிச்சுடுங்க. உங்க விரலும் பொழைச்சுது," என்றாள் சிஸுரு.

குவாபாரா தொண்டையைச் செருமினான். "இதுல உங்களையும் குறை சொல்ல முடியாது. துப்பாக்கி ஒரு கம்பெனி, மேகசின் வேற கம்பெனி. பொண்ணு வீட்டு அளவும் மாப்பிள்ளை வீட்டு அளவும் எப்படி ஒத்துப்போகும்? ஆறையும் தூக்கிப் போட்டுட்டு அதே கம்பெனி மேகசினா வாங்கிக்கறதுதான் வழி."

"எங்க வீட்லயும் அப்படித்தான் வேற வேற அளவு," என்றாள் சிஸுரு. "இருபது வருஷமா ஓடலையா?"

"அப்பப்ப நிக்குது," என்றார் யாஜிமா.

தொகாஷி தலையைச் சொறிந்தார். "அப்ப கினுயோ சான், மேசை விஷயம்..."

"மதியச் சாப்பாடு முடியற வரைக்கும் அது என் மேசை. அப்புறம் பேசலாம்," என்றாள் கினுயோ. "கறி கொதிக்கற அடுப்புலேருந்து ஒரு குவளை வெந்நீர் மட்டும் கொடுங்க."

அங்கேயே நின்று மேகசினை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது துப்பாக்கிக்குள் மறையும் விளிம்பில் மெல்லிய பேனாவால் ஒரு கோடு போட்டாள். கையை எடுத்தாள். கோடு விளிம்புக்குக் கீழே இறங்கி நின்றது. அளந்தாள், முக்கால் மில்லிமீட்டர். ஆறிலும் அளந்தாள். நாலில் முக்கால், இரண்டில் அரை.

மேகசின் விழாமல் தாங்குவது துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு கொக்கி. மேகசினில் இருக்கும் பள்ளத்தில் அது போய் உட்காரும். ஆறு பள்ளத்தையும் நோண்டுவதைவிட அந்த ஒரு கொக்கியின் தலையை உயர்த்திவிட்டால் ஆறும் மேலே ஏறும். மேசைக்குத் திரும்பித் திருகைக் கழற்றிக் கொக்கியை எடுத்தாள். தலையைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கினாள். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பூச்சைத் தடவினாள். பல்செட்டின் ஈறுக்கு வைக்கும் மாவையும் திரவத்தையும் சின்னக் கிண்ணத்தில் குழைத்து, ஊசி முனையால் ஒரு பொட்டு எடுத்து வைத்தாள். வெந்நீர்க் குவளையில் போட்டு மூடினாள்.

சுற்றி நின்றவர்கள் கறித் தட்டோடு எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க அது, ரோஸ் கலர்?"

"ஈறு."

"துப்பாக்கிக்கு ஈறா!"

"பல்லு இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் ஈறா?" என்றாள் சிஸுரு. "சாப்பாட்டைப் பாருங்கப்பா, ஊறுகாய் சட்டையில விழுது."

இறுகினதும் கினுயோ எடுத்து ராவினாள். கொக்கியை மாட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்பதடி நடந்தாள். மேகசின் ஏறவில்லை, ஈறு கூடிப்போயிருந்தது. நாற்பதடி திரும்பி வந்தாள். பல் எங்கே இடிக்கிறது என்று பார்க்க வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லும் நீலத்தாள் அவள் பெட்டியில் எப்போதும் இருக்கும். அதில் ஒரு துண்டை வலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், கொக்கிக்கும் பள்ளத்துக்கும் நடுவே வைத்துச் செருகி எடுத்தாள். ஒரே ஒரு மூலையில் நீலப் புள்ளி. அந்த மூலையை மட்டும் ராவினாள். மறுபடி நாற்பதடி. இப்போது இரண்டு புள்ளி. மறுபடி நடந்தாள். ஒன்பதாவது நடையில் நீலம் ஒரு முழுக் கோடாக விழுந்தது.

"பக்கத்துலயே வெச்சுப் பாத்துடக் கூடாதா? யாரும் கவனிக்கல," என்றான் ஒருவன்.

"இங்க மேகசினைச் செருகினா மேசையைக் குவாபாராவுக்கு இல்ல, போலீசுக்குக் கொடுக்கணும்," என்றாள் கினுயோ திரும்பிப் பார்க்காமல்.

நாலு மேகசின் சுகமாக ஏறிக் கிளுக்கென்று பூட்டிக்கொண்டது. அரை மில்லிமீட்டர் தொங்கின இரண்டுக்கும் இப்போது இடம் பற்றவில்லை; அந்த இரண்டின் பள்ளத்தை மட்டும் அரத்தால் நாலு இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான் வேலை. அவள் கறித் தட்டு ஆறி ஆடை கட்டியிருந்தது.

"யாஜிமா சான், வாங்க. நான் தொட மாட்டேன். நீங்களே சுடுங்க."

யாஜிமா முன் கைப்பிடியைப் பிடித்துச் சுட்டார். ஓடியது. அடுத்த மேகசின், அதற்கடுத்தது என்று போய், நாலாவதில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஐந்தாவதில் குதித்தார். தொகாஷி, "தரை இடியுதுய்யா!" என்று கத்தினார். ஆறாவதைத் துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்து, குலுக்கி, திட்டித் திட்டிச் சுட்டார். கடைசி மணி தகரத்தில் பட்டு விழும் வரைக்கும் எதுவும் நிற்கவில்லை.

குவாபாரா கிட்டே வந்து மேகசினை விரலால் ஆட்டிப் பார்த்தான். அது ஆடவில்லை. "இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்றான். இப்போது அந்தக் கடைக்காரப் பணிவு இல்லை, நிஜமாகவே கேட்டான்.

"வாய்ல," என்றாள் கினுயோ.

மதிய ஆட்டத்துக்குக் கொம்பு ஊதினார்கள். எல்லாரும் காட்டுக்குள் போனார்கள். கினுயோ வலை ஓரத்தில் நின்றாள். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது; காதுக்குத் தெரியும். நாற்பது துப்பாக்கிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்று மட்டும் தனியாகக் கேட்டது. கூடத்தில் பத்துப் பேர் ராவும்போதும் தன் சக்கரத்தின் சத்தம் தனியாகக் கேட்குமே, அந்த மாதிரி. அது ஓடியது. நின்றது; அவள் மூச்சும் நின்றது. கிளுக். மேகசின் மாற்றியிருக்கிறார். மறுபடி ஓடியது. மேட்டின்மேல் கேட்டது, பிறகு பள்ளத்தில், பிறகு கொடி இருக்கும் பக்கம். ஐந்து கிளுக் எண்ணினாள்.

அப்புறம், "ஹிட்!" என்று யாஜிமாவின் குரல்.

கையைத் தூக்கிக்கொண்டு புதரை விலக்கி அவர் வந்தார். மூக்கு நுனியில்கூடச் சேறு. முகமெல்லாம் சிரிப்பு.

"தோத்தாச்சா?" என்றாள் கினுயோ.

"செத்தேன் கினுயோ சான். ஆனா சுட்டுக்கிட்டே செத்தேன்! ஏழு பேரை அனுப்பிட்டு, கொடியைத் தொட நாலு விரக்கடை இருக்கிறப்ப யாரோ முதுகுல வெச்சான்." பின்னாலேயே வந்த மனைவியை முறைத்தார். "யாருன்னு கேளுங்க."

"குறுக்க வந்தீங்க, சுட்டுட்டேன்," என்றாள் சிஸுரு. "நம்ம அணின்னு முதுகுல எழுதியா ஒட்டியிருக்கு?"

அதைக் கேட்டு ஓய்விடமே சிரித்தது. தொகாஷி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "மேசை உங்களுக்குத்தான் கினுயோ சான். இனிமே யாரு கேட்டாலும் கொடுக்க மாட்டேன். இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அந்தத் துப்பாக்கியை நம்ம கினுயோ சான் சரிபண்ணிட்டாங்கன்னு..."

"இருங்க." அவள் ஒலிபெருக்கியின் வாயை உள்ளங்கையால் மூடினாள். "பாதியைச் சொல்லக் கூடாது. போன மாசம் அதைக் கோட்டைவிட்டதும் ஷியோதா கினுயோ, இன்னைக்குச் சரிபண்ணினதும் ஷியோதா கினுயோ. ரெண்டையும் சொல்லுங்க. ரெண்டுலயும் பேரைச் சொல்லுங்க."

"கோட்டைவிட்டதையுமா? எதுக்குங்க அது? யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்களே."

"நான் வெச்சிருக்கேனே. என் பேரு வேலைமேல இருக்கணும்னா, எல்லா வேலைமேலயும் இருக்கட்டும்."

 தொகாஷி ஒலிபெருக்கியை உயர்த்தி, அவள் சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கரகரத்த குரலில் அவள் பெயர் தேவதாரு மரங்களுக்குள் இரண்டு முறை போயிற்று.

முதலில் யாரோ ஒருவர் கை தட்டினார். கினுயோ திரும்பிப் பார்த்தாள், குவாபாரா. அப்புறம் எல்லாருமே தட்டினார்கள். அவள் முகம் சுடச்சுடச் சிவந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து நடந்து போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அதற்குள் அங்கே நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

"எனக்கும் கை எடுத்தா நிக்குதுங்க," என்றார் முதலாமவர். "இத்தனை நாளா என் விரல்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"விரலை அப்புறம் பாக்கலாம்," என்றாள் கினுயோ. "துப்பாக்கியைக் கொடுங்க."